பழைய வண்டிகளின் கியர்ப் பெட்டிக்கும் அச்சுக்கும் ஏற்ற எண்ணெய்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஒரு கூட்டுறவு இன்ஸ்பெக்டர் நிகழ்த்திய பிரசங்கம்)

 

கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவன் பேச எழுந்தால், வசூல் பாக்கி, பங்குத் தொகை, கணக்குப் புஸ்தகம் ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுவான் என்று தாங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயமோ வண்டிக்கு ஊற்றும் எண்ணெய். இது மெக்கானிக்கின் வேலையன்றோ, இன்ஸ்பெக்டருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். சங்கத்தின் வண்டி சங்கத்தின் பொதுச் சொத்து. அதன் கியர்ப் பெட்டிக்குள் தேயும் ஒவ்வொரு பல்லும் தங்கள் பங்குத் தொகையிலிருந்து தேய்கிறது. ஆதலால் இதுவும் கணக்கு விஷயமே என்பது என் அபிப்பிராயம்.

நான் மெட்ரிகுலேஷன் வரையில் படித்தவன், எஞ்சினீயர் அல்லன். இவ்விஷயத்தை நான் கற்றுக்கொண்டது ஒரு பிழையினால். அப்பிழையில் எனக்கும் பங்கு உண்டு. ஆகையால் அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னர், என் சரகத்தைச் சேர்ந்த ஒரு பால் சங்கத்தில் பழைய ஜீப் ஒன்று இருந்தது. காலையும் மாலையும் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு குளிரூட்டும் நிலையத்திற்குச் செல்வது அதன் தொழில். காரியதரிசி நல்லவர், சிக்கனமுள்ளவர், ஆயினும் வண்டி விஷயத்தில் குறை வைக்கலாகாது என்ற எண்ணமுடையவர். எண்ணெய் மாற்றும் சமயம் வந்தபோது, கடையில் ‘ஜி.எல். 4’, ‘ஜி.எல். 5’ என்று இருவகை டப்பாக்கள் இருக்கக் கண்டு, நான்கைவிட ஐந்து உயர்ந்ததன்றோ என்று கருதி, விலை கூடிய ஐந்தாம் எண் எண்ணெயையே வாங்கி, கியர்ப் பெட்டி, முன் அச்சு, பின் அச்சு எல்லாவற்றிலும் ஊற்றுவித்தார். தணிக்கைக்குச் சென்ற நான் அந்த ரசீதைப் பார்த்து, “சங்கச் சொத்தை இப்படியல்லவோ பேண வேண்டும்” என்று புகழ்ந்து கையொப்பமும் இட்டேன்.

கொஞ்ச நாளில் இரண்டாவது கியரும் மூன்றாவது கியரும் விழும்போதெல்லாம் கரகரவென்று அரையத் தொடங்கின. டிரைவர் பழகாதவர் என்று அவர்மேல் பழி போட்டார்கள். பின்னர் பெட்டியைப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே இருந்த பித்தளை வளையங்கள் கறுத்தும் தேய்ந்தும் கிடந்தன. பழைய வண்டியாதலால் உதிரிப் பாகம் கிடைக்க மூன்று வாரம் சென்றது. அந்த மூன்று வாரமும் வாடகை வண்டி. அது வராத நாட்களில் பால் திரிந்தது. வருஷ முடிவில் டிவிடெண்டுக்கென்று நினைத்திருந்த தொகையில் பெரும் பகுதி அதிலே போயிற்று. இரண்டு மாடுகளை வைத்துப் பிழைக்கும் ஒரு விதவைத் தாய், “என் பாலுக்கு என்ன குற்றம், ஐயா?” என்று என்னைக் கேட்டாள். பாலில் குற்றம் இல்லை. ரசீதில் கையொப்பமிட்டவன் கைப்புத்தகத்தைப் பார்க்கவில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு அன்று நா எழவில்லை. வண்டியின் கைப்புத்தகம் காரியதரிசியின் அலமாரியிலேயே இருந்தது. ஒருவரும் அதைத் திறக்கவில்லை.

இதைக் கேள்வியுற்ற அண்டைக் கிராமத்துச் சங்கத்தார் என்ன செய்தார்கள் தெரியுமோ? “ஐந்தாம் எண்ணே ஆகாது” என்று தீர்மானித்து, தங்கள் வண்டியில் எல்லா இடத்திலும் நான்காம் எண்ணையே ஊற்றினார்கள். அவர்களுடைய கியர்ப் பெட்டி சுகமாயிருந்தது. பின் அச்சோ ஊளையிடத் தொடங்கிற்று. பாரம் ஏற்றி மேடு ஏறி ஏறி, கடைசியில் கிரவுனும் பினியனும் பல் தேய்ந்து மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு சங்கம் மிகையால் கெட்டது. மற்றொன்று குறையால் கெட்டது. இரண்டிற்கும் காரணம் ஒன்றே: எந்த இடத்திற்கு எது வேண்டும் என்று விசாரியாமை.

இனி, அவ்விடங்களின் தன்மையைச் சொல்லுகிறேன்.

கட்டை வண்டிக்கு மை போடாமல் சந்தைக்குப் புறப்படுகிறவர் நம்மில் ஒருவரும் இல்லை. இரும்பும் இரும்பும் நேரே உராயாதபடி நடுவில் ஒரு மெல்லிய படலம் நிற்க வேண்டும் என்பதே மையின் தத்துவம். மோட்டார் வண்டியிலும் தத்துவம் அதுவே. ஆனால் உராய்வின் வகை இடத்திற்கு இடம் வேறுபடுகிறது.

பின் அச்சின் நடுவில் உருண்டையான கூடு ஒன்று இருக்கிறது. அதற்குள்ளே பினியன் என்னும் சிறு பற்சக்கரமும், கிரவுன் என்னும் பெரும் பற்சக்கரமும் கோத்துச் சுழல்கின்றன. அநேக வண்டிகளில் சிறு சக்கரம் பெரும் சக்கரத்தின் நடுமட்டத்திற்குக் கீழே தாழ்த்தி வைக்கப்பட்டிருக்கும். இதற்கு ஹைபாய்டு அமைப்பு என்று பெயர். 1926-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் பாக்கார்டு கம்பெனியார் இதனைத் தங்கள் கார்களில் கொண்டுவந்தார்கள்; பிறகு எங்கும் பரவிற்று. இவ்வமைப்பில் பல்லும் பல்லும் உருளுவதோடு நில்லாமல், பலத்த அழுத்தத்தில் ஒன்றன்மேல் ஒன்று நீளவாக்கில் சறுக்கிக்கொண்டே செல்லும். சாதாரண எண்ணெயின் படலம் அவ்வழுத்தத்தில் பிதுங்கி ஓடிவிடும். ஆதலால் கந்தகமும் பாஸ்வரமும் சேர்ந்த மருந்துச் சரக்குகளை எண்ணெயில் கலக்கிறார்கள். உராயும் இடத்தில் சூடு ஏறியவுடன் அவை எஃகின் மேற்பரப்போடு சேர்ந்து ஒரு மெல்லிய தோலை உண்டாக்குகின்றன. தேய்வது அந்தத் தோல், பிழைப்பது பல். அச்சு எண்ணெய் டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நாற்றம் இந்தக் கந்தகச் சரக்கினுடையதே.

கியர்ப் பெட்டியின் தன்மை வேறு. அதிலுள்ள பற்சக்கரங்கள் இணையான தண்டுகளில் நின்று சுழல்பவை, சறுக்கல் குறைவு. ஆனால் அதற்குள் சிங்க்ரோ வளையங்கள் என்று பித்தளையாலும் வெண்கலத்தாலும் செய்த பாகங்கள் இருக்கின்றன. டிரைவர் கியர் மாற்றும்போது, வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு பாகங்களை இவ்வளையம் பிடித்து, வேகத்தைச் சமன் செய்து, பின்னரே பற்கள் கோக்கும்படி செய்கிறது. அதாவது இவ்விடத்தில் ஒரு பிடிப்பு வேண்டும். எண்ணெய் தடவிய கையால் சுழலும் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த முடியுமோ? மருந்து மிகுந்த எண்ணெயில் வளையம் வழுக்குகிறது. வேகம் சமனாகும் முன்னரே பற்கள் மோதுகின்றன. அதுவே நாம் கேட்கும் கரகரப்பு. இதுவன்றி, கந்தகச் சரக்கின் வகையைப் பொறுத்து, சூட்டில் அது பித்தளையையும் செம்பையும் அரிப்பதும் உண்டு. இக்காலத்து ஐந்தாம் எண் எண்ணெய்களில் பல, செப்புத் தகட்டுப் பரீட்சையில் தேறியவையே. ஆயினும் வழுக்கல் என்ற குறை அதனால் நீங்குவதில்லை.

ஆகவே அச்சில் குணமாவது பெட்டியில் தோஷமாகிறது. ஜுரத்திற்குக் கொடுக்கும் மருந்தை வயிற்றுவலிக்கும் கொடுத்துவிட்டு, விலையுயர்ந்த மருந்தாயிற்றே என்று சொல்லிக்கொள்வதனால் பயன் என்ன?

இப்பொழுது டப்பாவின்மேல் உள்ள எழுத்துக்களைப் பார்ப்போம். அதில் இரண்டு விதமான எண்கள் இருக்கும். ஒன்றை மற்றொன்றாக மயங்கலாகாது.

முதலாவது, அமெரிக்கப் பெட்ரோலிய ஸ்தாபனத்தார் ஏற்படுத்திய ‘ஜி.எல்.’ எண். இது மருந்தின் அளவையும் எவ்வளவு கடின உழைப்பைத் தாங்கும் என்பதையும் குறிக்கும். ஜி.எல். 1 மருந்தில்லாத எண்ணெய். 2, 3, 6 என்பவை வழக்கொழிந்தவை. ஜி.எல். 4 நடுத்தரமானது, சிங்க்ரோ வளையமுள்ள கியர்ப் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் விதிக்கப்படுவது. ஜி.எல். 5 ஹைபாய்டு அச்சுக்கு உரியது. நான்கில் உள்ளதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு மருந்து அதில் இருப்பது வழக்கம். இந்த எண்கள் பள்ளிக்கூடத்து வகுப்புகள் போல ஒன்றைவிட ஒன்று மேலான படிகள் அல்ல. வெவ்வேறு வேலைக்கு வெவ்வேறு ஆள் என்பதைப் போன்றவை. சில டப்பாக்களில் 4, 5 என்று இரண்டையும் சேர்த்து அச்சிட்டிருப்பார்கள். மருந்தின் அளவில் அவை ஐந்தாம் எண்ணைச் சேர்ந்தவையே. பழைய கியர்ப் பெட்டிக்கு நான்கு என்று மட்டும் குறித்த எண்ணெயைத் தேடி வாங்குவதே க்ஷேமம்.

இரண்டாவது, ‘எஸ்.ஏ.இ.’ எண். இது எண்ணெயின் கனத்தை, அதாவது தேன் போல் மெதுவாக ஓடுமா, தண்ணீர் போல் விரைந்து ஓடுமா என்பதைக் குறிக்கும். 80 டபிள்யூ 90, 85 டபிள்யூ 140 என்று இரட்டை எண்ணாக இருந்தால், ‘டபிள்யூ’ சேர்ந்த முதல் எண் குளிரில் எண்ணெய் இளகி ஓடும் தன்மையைக் காட்டும். பின் எண் 100 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் உள்ள கனத்தைக் காட்டும். 80 டபிள்யூ என்பதற்கான குளிர்ப் பரீட்சை பூஜ்யத்திற்குக் கீழ் 26 டிகிரியில் நடப்பது. உதகமண்டலத்தில் உறைபனி விழும் காலையிலும் அத்தகைய குளிர் இல்லை. ஆகவே நாம் கவனிக்க வேண்டியது பின் எண்ணையே. கைப்புத்தகத்தில் 90 என்றிருந்தால் 90. கோடையில் பாரம் இழுக்கும் அச்சுக்கு 140 போடலாம் என்று புத்தகமே அனுமதித்திருந்தால் 140. பெட்டி தேய்ந்து சத்தமிடுகிறது என்பதற்காகப் பெட்டியில் 140 ஊற்றி சத்தத்தை அடக்குவது, பல்வலிக்குக் காதில் பஞ்சு வைப்பதாகும். அதனால் கியர் விழுவது இன்னும் கடினமாகும்.

இங்கே ஒரு மயக்கம் சாதாரணமாக நேருகிறது. எஞ்சின் எண்ணெய் 40 அல்லது 50 என்றும், கியர் எண்ணெய் 90 என்றும் இருப்பதால், பின்னது இருமடங்கு கனம் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. இரண்டிற்கும் அளவுகோல் வேறு. கியர் எண்ணெய் 90-இன் கனம் எஞ்சின் எண்ணெய் 40, 50 ஆகியவற்றின் கனத்திற்குச் சமீபமானதே. சில பழைய கார்களின் கியர்ப் பெட்டிக்குக் கம்பெனியார் எஞ்சின் எண்ணெயையே விதித்திருந்தார்கள். கைப்புத்தகத்தில் அவ்வாறு கண்டால் அச்சுப் பிழையென்று தள்ளிவிட வேண்டாம்.

பழைய ஜீப் வைத்திருக்கும் சங்கங்களுக்கு ஒரு விசேஷக் குறிப்பு. அதில் எண்ணெய் ஊற்றும் இடம் கியர்ப் பெட்டி, டிரான்ஸ்பர் பெட்டி, முன் அச்சு, பின் அச்சு என நான்கு. வில்லிஸ் வழியில் வந்த பழைய ஜீப்புகளில் முதலிரண்டு பெட்டிகளுக்கும் நடுவே எண்ணெய் செல்லத் துவாரம் உண்டு. ஆதலால் ஒன்றுக்கு ஒரு வகை, மற்றொன்றுக்கு வேறு வகை என்று ஊற்றலாகாது. வடிக்கும்போது இரண்டையும் வடிக்க வேண்டும். நான்கிற்கும் சேர்த்து வேண்டிய எண்ணெய் ஏறக்குறைய ஐந்து லிட்டருக்குள் அடங்கும். இவ்வளவு சிறு செலவில் செய்யும் பிழை எவ்வளவு பெருஞ் செலவைக் கொண்டுவருகிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல டிராக்டர்களில் கியருக்கும், கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். பிரேக்கும் எண்ணெயில் மூழ்கியிருக்கும் வகையாயின், அதற்கென்று செய்த டிராக்டர் எண்ணெயையன்றி வேறொன்றை ஊற்றினால் பிரேக் வழுக்கும் அல்லது அலறும். அவ்வாறே வெண்கலச் சக்கரத்தோடு புழுத் திருகு அமைப்புள்ள சில பழைய அச்சுகளுக்கு ஐந்தாம் எண் பொருந்தாது. எல்லாவற்றிற்கும் பிரமாணம் கைப்புத்தகமே.

இக்கூட்டம் தொடங்குமுன் பெரியவர் ஒருவர், “ஆமணக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைத்து வண்டிக்கு மை போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள், இதற்கும் ஆமணக்கெண்ணெய் ஆகாதா, தம்பி?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆமணக்கெண்ணெயின் வழவழப்பு மெய்யாகவே உயர்ந்தது. ஆனால் நாளடைவில் சூட்டிலும் காற்றிலும் அது கோந்து போல் இறுகிவிடும். கட்டை வண்டியின் மையை வாரந்தோறும் துடைத்துப் புதிதாகப் போடலாம். மூடிய பெட்டிக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் எண்ணெய்க்கு அது ஆகாது.

இனி, மாற்றும் முறையில் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லுகிறேன்.

வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி, எண்ணெய் சூடேறியபின் சமதரையில் நிறுத்துங்கள். முதலில் ஊற்றும் துவாரத்தின் திருகைத் திறந்து பாருங்கள். அது திறந்த பிறகே வடிக்கும் திருகைத் தொடுங்கள். பழைய வண்டியில் மேல் திருகு துருவேறித் திறவாமலிருக்கக் கீழ்த் திருகைத் திறந்து எண்ணெயை வடித்துவிட்டு, ஊற்ற வழியின்றி நின்றவர்கள் உண்டு.

வடிந்த எண்ணெயைக் கவனமாய்ப் பாருங்கள். காந்தத் திருகில் மை போன்ற நுண்பொடி ஒட்டியிருந்தால் அது வயதின் அடையாளம். விரலில் உறுத்தும் துண்டுகளும், பல்லின் சில்லுகளும் இருந்தால் மெக்கானிக்கை அழையுங்கள். மஞ்சளாக மின்னும் பொடி மிகுதியாயிருந்தால் பித்தளை வளையம் தேய்கிறது என்று அறிக. பால் கலந்த தேத்தண்ணீர் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. மழைக்காலத்தில் தரைப்பாலத்து வெள்ளத்தில் இறங்கிய வண்டிக்கு இது நேரும். சூடான அச்சு தண்ணீரில் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகவும் மூச்சுத் துவாரத்தின் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளத்தில் இறங்கிய வண்டியின் எண்ணெயைத் தாமதமின்றிப் பரிசோதியுங்கள்.

புதிய எண்ணெயைத் துவாரத்தின் விளிம்பு மட்டும் ஊற்றுக. புத்தகம் வேறு மட்டம் சொல்லியிருந்தால் அதன்படி செய்க. அதிகமாய் ஊற்றினால் சீலைத் தாண்டி பிரேக்கின்மேல் வழியும், பிரேக் பிடியாது. மூச்சுத் துவாரம் சேற்றால் அடைபட்டிருந்தாலும் அதே கேடு விளையும். ஒருவகை எண்ணெயின்மேல் மற்றொரு வகையைக் கலக்க வேண்டாம். டப்பா முத்திரையோடு இருக்கட்டும். உதிரியாய் அளந்து தரும் எண்ணெய் சங்கத்திற்கு வேண்டாம். வடித்த எண்ணெயைக் கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது; 2016-ஆம் வருஷத்து விதிகளின்படி அது அபாயக் கழிவு. மூடிய டப்பாவில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் சேரும்படி செய்யுங்கள்.

முடிவாக, கமிட்டியாருக்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, வண்டியின் கைப்புத்தகத்தில் எண்ணெயைப் பற்றிய பக்கத்தைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, வண்டி நிற்கும் கொட்டகையின் சுவரில் ஒட்டுங்கள். புத்தகம் தொலைந்திருந்தால் பிரதி தேடிப் பெறுங்கள். இரண்டாவது, ஒரு சிறு ரிஜிஸ்தர் வையுங்கள். தேதி, கிலோமீட்டர், எந்த இடம், எந்த ஜி.எல்., எந்த கனம், எத்தனை லிட்டர், வடிந்த எண்ணெயின் நிறம் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். டிரைவரும் கமிட்டி அங்கத்தினர் ஒருவரும் கையொப்பமிடட்டும். மூன்றாவது, கியர் அரைகிறது, அச்சு ஊளையிடுகிறது என்று டிரைவர் சொன்னால் அவர்மேல் கோபியாதீர்கள். வண்டியின் நோயை முதலில் அறிபவர் அவரே.

நான் முன்சொன்ன பால் சங்கத்தின் ஜீப் இப்பொழுதும் ஓடுகிறது. பெட்டியில் நான்கு, அச்சில் ஐந்து என்று கொட்டகைச் சுவரில் எழுதியிருக்கிறது. அதை எழுதியவர், முன்பு பழி சுமந்த அந்த டிரைவரே. தணிக்கைக்குச் செல்லும்போதெல்லாம் ரசீதைப் பார்க்குமுன் அந்தச் சுவரைப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. விலையுயர்ந்தது எது என்று கேளாமல், ஏற்றது எது என்று கேட்கும் பழக்கம் எண்ணெய்க்கு மாத்திரமன்று, உரத்திற்கும் விதைக்கும் கடனுக்குங்கூட நன்மை தரும்.